மாட்லென் வியோனே பெயர் ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறது?

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆடை வடிவமைப்பு படிக்கிறேன், இந்தப் பருவத்தில் ஃபேஷன் வரலாறும் ஒரு பாடம். பாரிஸ் ஓத் கூத்யூர் (தனித்தனி ஆளுக்கு அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்தர ஆடைத் தொழில்) பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஷனேலுக்கு ஒரு அத்தியாயம், டியோருக்கு ஒரு அத்தியாயம், ஈவ் சான் லோரானுக்கு ஒரு அத்தியாயம் இருக்கிறது. மாட்லென் வியோனேவுக்கு மட்டும் "கிராஸ் கட்டைக் (துணியை நூலுக்குச் சாய்வாகப் போட்டு வெட்டுவது) கொண்டுவந்தவர்" என்று ஒரே வரி, அத்தோடு முடித்துவிடுகிறார்கள். வகுப்பிலும் அப்படித்தான் கடந்து போனார்கள்.

ஆனால் அவருடைய உடைகளின் படங்களைத் தேடிப் பார்த்தபோது எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. 1920 வாக்கில் செய்த ஒரு உடை, நான்கு சதுரத் துணி, அவ்வளவுதான், கைக்குட்டை உடை என்று சொல்கிறார்கள். டாட் (உடம்புக்குப் பொருந்தத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) இல்லை, ஜிப் இல்லை, உள்ளே கார்செட் (இடுப்பை இறுக்கும் விறைப்பான உள்ளாடை) இல்லை. ஆனாலும் உடம்பில் எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே ஒட்டி, எங்கே விலக வேண்டுமோ அங்கே விலகி நிற்கிறது. இது எப்படி என்று யாராவது தையல் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

அப்புறம் இன்னும் சில சந்தேகங்கள். கிராஸ் கட்டை உண்மையிலேயே அவர்தான் கண்டுபிடித்தாரா? பெண்களைக் கார்செட்டிலிருந்து விடுவித்தது ஷனேல் என்று ஒரு இடத்தில், அதே காலத்து வடிவமைப்பாளர் போல் புவாரே என்று இன்னொரு இடத்தில், வியோனே என்று மூன்றாவது இடத்தில் படித்தேன், எதை எடுத்துக்கொள்வது? தன்னிடம் வேலை பார்த்த பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை, மருத்துவர், குழந்தைகள் காப்பகம் எல்லாம் கொடுத்தார் என்கிறார்களே, அது நிஜமா, பிற்பாடு ஏற்றிச் சொன்னதா? இவ்வளவும் நிஜம் என்றால் ஷனேல் பெயர் உலகத்துக்கே தெரிய, இவர் பெயர் ஏன் படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிறது?

கொஞ்சம் நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, பொறுமையாகப் படிப்பேன்.

கத்தரிக்கோல் எழுதியது:

நான் பேட்டர்ன் வெட்டுகிறவள், அதனால் துணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வியோனேவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நெய்த துணியில் நீளவாட்டில் பாவு, குறுக்குவாட்டில் ஊடை. இந்த இரண்டு திசையில் எதில் பிடித்து இழுத்தாலும் துணி பெரிதாக அசையாது, நூலே நேராக நின்று தடுக்கும். அதே துணியை மூலைக்கு மூலை பிடித்து இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி கொடுக்கும். நூல் நீளவில்லை, பாவும் ஊடையும் சேர்ந்து போடும் குட்டிக் குட்டிச் சதுரங்கள் சாய்ந்து சரிகின்றன. நீளத்தில் கூடினால் அகலத்தில் ஒடுங்கும், விட்டால் திரும்பி வரும். இந்த 45 பாகைக் கோட்டை உடம்பில் மேலிருந்து கீழாக ஓடவிட்டால், மார்பு வரும் இடத்தில் துணி தானாக விரிந்து கொடுக்கிறது, இடுப்பில் தானாக ஒடுங்குகிறது, தொடைக்குக் கீழே எடை இழுத்து நேராக விழுகிறது. டாட் பிடித்து நாம் செய்கிற வேலையைத் துணியே செய்துவிடுகிறது. தலைவழியாகப் போட்டால் தோளில் விரிந்து இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் ஜிப்போ கொக்கியோ பல உடைகளில் தேவைப்படவில்லை.

நீங்கள் சொன்ன கைக்குட்டை உடையில் நடப்பதும் இதுதான். சதுரத்தை நேராகத் தொங்கவிடாமல் ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டார். மூலையைப் பிடித்த உடனே பாவும் ஊடையும் இரண்டு பக்கமும் சாய்வாகப் போய்விடும், கிராஸ் செங்குத்தாக வந்துவிடும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, கீழே கூர்கூராக விழும் ஓரம் அலங்காரத்துக்காக வெட்டியது இல்லை, அது சதுரத்தின் மற்ற மூலை. துணியை அநேகமாக வெட்டவே இல்லை என்று சொல்லலாம். இதைப் படத்தில் பார்த்துவிட்டு "எளிமை" என்று சொல்லிவிடுவார்கள். காகிதத்தில் வரைந்து பார்த்தால்தான் அந்த மூளை எப்படி வேலை செய்திருக்கிறது என்று தெரியும். எனக்கு இன்றைக்கும் அந்த உடையைப் பார்த்தால் சிலிர்க்கும்.

கண்டுபிடித்தாரா என்று கேட்டீர்கள். இல்லை. கிராஸாக வெட்டுவது அவருக்கு முன்பே இருந்தது, கழுத்துப் பட்டி, பைப்பிங், சுருக்கு வைத்த ஓரம் இப்படிச் சின்ன இடங்களுக்கு. சட்டைக்குள் ஒரு துண்டாக இருந்ததை உடை முழுவதற்கும் கொண்டுபோனது அவர். சொல்லும்போது சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் தைக்கிறவர்களுக்கு அது தலைகீழ் மாற்றம். அதுவரை உடைக்கு உருவம் கொடுத்தது உள்ளே இருந்த கூடு, எலும்புப் பட்டை, லைனிங், விறைப்புத் துணி. இவருக்கு உருவம் கொடுத்தது துணியும் அதன் எடையும் அதைப் போட்டிருக்கிற பெண்ணும் மட்டும்தான்.

அவர் படம் வரைந்து டிசைன் செய்தவர் இல்லை. சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில், கை கால் மடங்கும் ஒரு மரப் பொம்மை வைத்திருந்தார். பியானோ வாசிக்கிறவர்கள் உட்காரும் சுழல் முக்காலியில் அதை நிறுத்தி, சுற்றிச் சுற்றித் திருப்பி, துணியை நேராக அதன்மேல் போட்டுக் குண்டூசி குத்தி, வெட்டி, திரும்பவும் குத்தி வேலை செய்வார். பொம்மையில் சரியாக வந்த பிறகுதான் முழு அளவுக்குப் போகும். வரைந்தால் முன்பக்கம் மட்டும்தான் மனதில் இருக்கும், சுற்றும் பொம்மையில் செய்தால் முன் பின் பக்கவாட்டு எல்லாம் ஒன்றாகவே உருவாகும். அவருடைய உடைகளில் தையல் கோடு விலாவிலிருந்து சுழன்று முதுகுக்குப் போய் முடிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படி வேலை செய்ததால் வந்தது என்பது என் எண்ணம்.

துணி விஷயத்திலும் அவர் பிடிவாதக்காரர். க்ரேப் அவருக்கு உயிர். க்ரேப்பில் நூல் மிகவும் முறுக்கேறியது, அதனால் துணிக்கு ஒரு துள்ளல் இருக்கும், கிராஸில் போட்டால் அழகாக விழும். ஆனால் குறுகலான துணியில் கிராஸ் வெட்டினால் பாதியில் துணி தீர்ந்துவிடும், ஒட்டுப் போட வேண்டிவரும். அதனால் பியாங்கினி-ஃபெரியே என்ற பட்டு நிறுவனத்திடம் வழக்கத்தைவிட மிக அகலமாகத் தனக்கென்றே நெய்து வாங்கினார். வடிவமைப்பாளர் கேட்டார் என்பதற்காக நெசவின் அகலமே மாறியது.

பழைய ஆல்பம் எழுதியது:

கத்தரிக்கோல் அக்கா தொழில்நுட்பத்தைச் சொல்லிவிட்டார், நான் வாழ்க்கையைச் சொல்கிறேன். தொழிலாளர் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

1876-இல் பிரான்சின் லுவாரே பகுதியில் ஷியேர்-ஒ-புவா என்ற ஊரில் பிறந்தார். அப்பா சுங்கச்சாவடியில் வரி வசூலிக்கிற சாதாரண ஊழியர். அம்மா சிறு வயதிலேயே விட்டுப் போய்விட்டார். படிப்பில் கெட்டிக்காரி, ஆனாலும் பன்னிரண்டு வயது வாக்கில் பள்ளியை நிறுத்தித் தையல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 18 வயதில் திருமணம், ஒரு பெண் குழந்தை, அந்தக் குழந்தை இறந்துபோனது, திருமணமும் முறிந்தது. அந்த வயதில் இவ்வளவும் பட்டுவிட்டு லண்டனுக்குப் போய்ப் பிழைத்தவர் அவர். அங்கே டோவர் தெருவில் கேட் ரெய்லி என்பவரின் உடையகத்தில் வேலை.

பாரிஸ் திரும்பியதும் காலோ சகோதரிகளின் உடையகத்தில் சேர்ந்தார். உண்மையான பள்ளிக்கூடம் அதுதான். மூத்தவரான மரி காலோ ஜெர்பேர் துணியைப் பெண்ணின் உடம்பில் நேரடியாகப் போட்டு உருவாக்குவார், அதைக் காடாத் துணியில் தைத்து ஒழுங்குபடுத்துவது வியோனேயின் வேலை. காலோ சகோதரிகள் இல்லாவிட்டால் நான் ஃபோர்டு கார்களையே செய்துகொண்டிருந்திருப்பேன், அவர்களால்தான் ரோல்ஸ் ராய்ஸ் செய்ய முடிந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஜப்பானியக் கிமோனோவின் நேர்க்கோட்டு வெட்டு அங்கேதான் அவருக்குப் பழக்கமானது.

அங்கிருந்து 1907-இல் ஜாக் தூசேயின் உடையகம். பழைய உடையகத்துக்குப் புது ரத்தம் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், இவர் போய் மாடல்களைக் கார்செட் இல்லாமல், வெறுங்காலோடு நடக்கவிட்டார். உள்ளே விற்பனைப் பெண்களுக்கே அது பிடிக்கவில்லை, வாடிக்கையாளர்களுக்கு அந்த உடைகளைக் காட்டவே தயங்கினார்களாம். கார்செட் கேள்விக்கு இதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்: அதே 1906, 1907 வாக்கில்தான் புவாரேயும் கார்செட்டைத் தூக்கி எறிந்தேன் என்கிறார். இருவருமே முதல் ஆள் நான்தான் என்று உரிமை கொண்டாடினார்கள். ஷனேல் அப்போது இன்னும் தொப்பிக் கடைகூடத் திறக்கவில்லை, அவருடைய பங்கு வேறு, அது பிறகு வந்தது. என்னைக் கேட்டால் புவாரே இடுப்பை விடுவித்துவிட்டுக் கணுக்காலில் ஹாபிள் பாவாடையைக் கட்டிவிட்டார், பெண் நடக்கவே முடியவில்லை. முழு உடம்பையும் விட்டுவைத்தது வியோனேதான்.

1912-இல் 222, ரூ த ரிவோலியில் சொந்த உடையகம். இரண்டு வருடத்தில் முதல் உலகப் போர், மூடவேண்டி வந்தது. போர் முடிந்து திரும்பத் திறந்து, 1923-இல் 50, அவென்யூ மோந்தேன் என்ற பெரிய மாளிகைக்குப் போனார். காலரி லஃபாயெத் பல்பொருள் அங்காடியின் தியோஃபில் பாடேர் பணம் போட்டவர்களில் ஒருவர். உச்சத்தில் ஏறக்குறைய 1,200 பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

அந்த வசதிகள் நிஜம்தான். மருத்துவர், பல் மருத்துவர், உணவகம், குழந்தைகள் காப்பகம், பிரசவ விடுப்பு, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் இருந்தன. பிரான்சில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமானது 1936-இல்தான், மக்கள் முன்னணி ஆட்சி வந்து, நாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்த பிறகு. இவர் உடையகத்தில் அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது. என் மனதில் நிற்பது இன்னும் சின்ன விஷயம்: அந்தக் காலத்துப் பாரிஸ் தையற்கூடங்களில் பெண்கள் முதுகுச் சாய்வு இல்லாத முக்காலியில் நாள் முழுக்கக் குனிந்து தைப்பார்கள். வியோனே தன் கூடத்தில் சாய்வு வைத்த நாற்காலிகள் போட்டார். பன்னிரண்டு வயதில் அந்த முக்காலியில் உட்கார்ந்த பெண்ணுக்குத்தான் அது தோன்றும். எந்த நிர்வாக ஆலோசகரும் அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்.

பாவும் ஊடும் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். அவரை நான் மதிக்கிறேன், அதற்காகத் தொழிலாளர் தெய்வமாக ஆக்க வேண்டாம். அவர் விற்றது உலகத்தின் பெரும் பணக்காரப் பெண்களுக்கு. அந்த 1,200 பேரில் ஒருவரால்கூடத் தான் தைத்த உடையை வாங்க முடிந்திருக்காது. மேலும் கிராஸ் வேலைக்குத் தேர்ந்த கை வேண்டும், பழக்கி எடுக்க வருடக்கணக்கில் ஆகும், அப்படிப்பட்ட கை பக்கத்து உடையகத்துக்குப் போய்விட்டால் நட்டம் முதலாளிக்குத்தான். நல்ல நாற்காலி, மருத்துவர் எல்லாம் மனிதாபிமானம்தான், அதே நேரம் தொழிலுக்கும் அது தேவை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுதாகும்.

இன்னொன்று, பாரிஸ் தையற்பெண்கள் யாரோ கொடுத்து வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர்கள் இல்லை. 1917-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மிதினெத் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி வேலைநிறுத்தம் செய்து சனிக்கிழமை மதிய விடுப்பை வாங்கினார்கள். வியோனேயின் வசதிகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பின்னணியைச் சொல்லாமல் விடக் கூடாது. நல்ல முதலாளி ஒருவர் இருந்தார் என்பதோடு, கேட்கத் தெரிந்த தொழிலாளர்களும் இருந்தார்கள்.

நூல்கண்டு எழுதியது:

மூவருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. 1917 வேலைநிறுத்தம் எனக்குப் புதுச் செய்தி, அதைத் தனியாகத் தேடிப் படிக்கிறேன்.

கடைசிக் கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. இவ்வளவு செய்தவர் பெயர் ஏன் மங்கிப்போனது? அப்புறம் இன்னொரு கேள்வி, அவருடைய லேபிளில் கட்டைவிரல் ரேகை இருக்கும் என்று ஒரு படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். அது என்ன கதை? நான் முதலில் ஏதோ கறை என்று நினைத்துக் கடந்துவிட்டேன், பெரிதாக்கிப் பார்த்தால் நிஜமாகவே ரேகை.

பழைய ஆல்பம் எழுதியது:

ரேகை அவருடையதேதான். அன்றைக்குப் பாரிஸில் நகல் எடுப்பது பெரிய தொழில். காட்சிக்கு வந்து பார்த்துவிட்டு வெளியே போய் வரைந்து விற்பவர்கள், ஒரு உடையை வாங்கிப் பிரித்துப் பார்த்துப் பத்தாகத் தைப்பவர்கள், அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கக் கடைகளுக்கு மாதிரி அனுப்புகிறவர்கள், இப்படிப் பல வகை. வியோனே இதைச் சகித்துக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு உடைக்கும் எண் போட்டு, மாடலை மூன்று மடிப்புக் கண்ணாடி முன்னால் நிறுத்தி முன், பின், பக்கவாட்டு எல்லாம் ஒரே படத்தில் விழும்படி புகைப்படம் எடுத்து ஆல்பமாகச் சேர்த்துப் பதிவு செய்தார். லேபிளில் கையெழுத்தும் கட்டைவிரல் ரேகையும். ரேகை இல்லாதது என்னுடையது இல்லை என்று விளம்பரமே செய்தார். நகல் எடுத்தவர்களை நீதிமன்றத்துக்கும் இழுத்தார். ஓவியமும் சிற்பமும் போல உடையும் ஒருவரின் படைப்பு, அதற்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். இன்றைக்கு ஃபேஷன் சட்டம் என்று தனிப் படிப்பே இருக்கிறது, அதற்கு வேர் தேடினால் இவரிடம் வந்து நிற்கும்.

அந்த நிறுவனச் சின்னத்தையும் பாருங்கள். தயாத் என்ற புனைபெயர் கொண்ட இத்தாலிய ஃப்யூச்சரிஸ்ட் கலைஞர் வரைந்தது. அயோனியத் தூணின் மேல் ஒரு பெண் நின்று தன் உடையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பாள். கிரேக்கச் சிலைகளின் மேல் வியோனேவுக்கு இருந்த பித்தை அந்தச் சின்னமே சொல்லிவிடும்.

சரி, பெயர் ஏன் மங்கியது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-இல் வியோனே உடையகத்தை மூடினார், வயது 63. ஷனேலும் அதே 1939-இல் தன் உடையகத்தை மூடினார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஷனேலுக்கு நம்பர் 5 என்ற வாசனைத் திரவியம் இருந்தது. உடை தைக்காத அந்த வருடங்களிலும் அந்தக் குப்பி உலகமெல்லாம் பெயரைச் சுமந்துகொண்டு போனது, 1954-இல் அவர் திரும்பி வந்தபோது பெயர் அப்படியே உயிரோடு இருந்தது. வியோனேயும் வாசனைத் திரவியம் வெளியிட்டுப் பார்த்தவர்தான், ஆனால் எதுவும் அப்படி நிலைக்கவில்லை. உடையோடு பெயரும் நின்றுபோனது.

அதைவிடப் பெரிய காரணம் 1947. டியோர் நியூ லுக் கொண்டுவந்தார்: இறுக்கிய இடை, திணிப்பு வைத்த இடுப்பு, மீட்டர் மீட்டராகப் பாவாடை, உள்ளே மறுபடியும் கூடு. வியோனே வாழ்நாள் முழுக்க எதை வெளியே எடுத்தாரோ அதெல்லாம் திரும்பி வந்து, உலகமே கைதட்டியது. அடுத்த பத்து வருடத்துக்கு அவருடைய பாணி பழையதாகத் தெரிந்திருக்கும். தனிப்பட்ட முறையிலும் அவர் விளம்பரப் பிரியர் இல்லை. விருந்துகளில் தன்னைக் காட்டிக்கொண்டு, காதல் கதைகளால் பத்திரிகையை நிரப்பிக்கொண்டு இருந்தவர் இல்லை. ஃபேஷன் என்ற சொல்லையே அவருக்குப் பிடிக்காது, பருவத்துக்குப் பருவம் மாறும் சபலம் என்றுதான் பார்த்தார். கதை இல்லாதவரைப் பற்றிச் சினிமா எடுக்க மாட்டார்கள், தலையணைப் புத்தகம் எழுத மாட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார், அதற்காக நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். 1952-இல் தன்னிடம் இருந்ததையெல்லாம், 122 உடைகள், நூற்றுக்கணக்கான காடாத் துணி மாதிரிகள், 75 புகைப்பட ஆல்பங்கள், கணக்குப் புத்தகங்கள் என்று பிரான்சின் ஆடைக்கலைச் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்தார். இன்று அது பாரிஸில் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2009-இல் அதை வைத்துத்தான் பெரிய கண்காட்சி நடத்தினார்கள். நகல்காரர்களைப் பிடிக்க எடுத்த அதே ஆல்பங்கள்தான் இன்று மாணவர்களுக்குப் பாடநூல். 1975-இல் 98 வயதில் இறந்தார்.

மணிவேலை எழுதியது:

எம்பிராய்டரி பக்கமிருந்து ஒன்று சேர்க்கிறேன், இதை யாருமே பேசுவதில்லை.

கிராஸில் விழும் துணியின்மேல் மணியும் ஜரிகையும் வைத்துத் தைத்தால் என்ன ஆகும்? தைத்த இடம் விறைத்துவிடும், எடையால் அந்தப் பகுதி மட்டும் அதிகமாகத் தொங்கும், சுற்றியிருக்கும் துணி சுருங்கி நிற்கும். கிராஸுக்காகப் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் வியோனேயின் உடைகளில் வேலைப்பாடு துணியின் நூல் போகும் திசையைப் பார்த்து, துணி நகர இடம் விட்டு வைக்கப்பட்டிருக்கும். மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகும் தையலை நிறையப் பயன்படுத்தினார்கள், நேர்க்கோட்டுத் தையல் துணியைக் கட்டிப்போடும், வளைந்த தையல் துணியோடு சேர்ந்து நகரும். 1920களின் முற்பகுதியில் செய்த குட்டிக் குதிரைகள் என்ற உடையைத் தேடிப் பாருங்கள், கிரேக்கச் சாடியில் இருக்கும் குதிரைகள் மணிவேலையாக வரிசை கட்டி நிற்கும், ஆனாலும் உடை துவள்கிறது.

இந்த வேலைகளைச் செய்தது மிஷோனே என்ற எம்பிராய்டரிக் கூடம். 1924-இல் அதை ஆல்பேர் லெசாஜ் வாங்கினார். அவர் மணந்துகொண்ட மரி-லூயிஸ் வியோனேயிடம் வேலை பார்த்த பெண். அந்தக் கூடத்தின் பெயர்தான் லெசாஜ், இன்றைக்கும் பாரிஸ் கூத்யூருக்கு மணிவேலை செய்து கொடுக்கும் அதே லெசாஜ், இப்போது ஷனேல் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வியோனேயின் பெயர் வெளியே தெரியாவிட்டாலும் அவருக்காகக் கண்டுபிடித்த கைவேலை அந்தத் தொழிலுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

கத்தரிக்கோல் எழுதியது:

மணிவேலை சொன்னதைப் பிடித்துக்கொண்டு செல்வாக்கு பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதை இதுவரை யாரும் தொடவில்லை.

1930களின் ஹாலிவுட் நடிகைகள், ஜீன் ஹார்லோ போன்றவர்கள், உடம்போடு வழியும் வெள்ளை சாட்டின் கவுன் போட்டு நிற்கும் படங்கள் எல்லோரும் பார்த்தவை. அவற்றை வெட்டியவர்கள் வேறு ஆட்கள், வெட்டு வியோனேயின் வழி. மற்ற வடிவமைப்பாளர்களில் பலென்சியாகா வியோனேவைப் பெரிதும் மதித்தார், நெருங்கிய நண்பரும்கூட. ஜாக் க்ரிஃப் அவரிடமே வேலை கற்றவர். அஸடின் அலாயா அவருடைய உடைகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர், பிரித்து எப்படித் தைத்திருக்கிறது என்று படித்தவர். இசே மியாகே ஒரு துண்டுத் துணியிலிருந்து உடை என்று வாழ்நாள் முழுக்கத் தேடியதற்குப் பின்னால் கிமோனோ மட்டுமில்லை, வியோனேயும் இருக்கிறார். ஜான் கலியானோ 90களில் கிராஸ் கட் ஸ்லிப் உடைகளைத் திரும்பக் கொண்டுவந்தார், 1996-இல் நியூயார்க் விழாவில் இளவரசி டயானா போட்டிருந்த கருநீல டியோர் உடை அந்த வகைதான். அதே வருடம் ஜான் எஃப். கென்னடி ஜூனியரை மணந்த கரோலின் பெசெட்டின் திருமண உடை, நார்சிசோ ரோட்ரிகெஸ் செய்தது, கிராஸில் வெட்டிய பட்டு க்ரேப். இன்றைக்குக் கடைக்குப் போனால் சாட்டின் ஸ்லிப் பாவாடை தொங்காத கடை இல்லை. அதை வாங்குகிறவர்களில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது.

இனி உங்களுக்கு. படித்தால் பாதிதான் புரியும், தைத்துப் பாருங்கள். நேராகப் பட்டுக்குப் போக வேண்டாம், மெல்லிய காடாத் துணியில் அரை அளவுப் பொம்மைக்குச் செய்யுங்கள். நான்கு சதுரம் வெட்டி, மூலையைத் தோளில் குத்தி, பொம்மையைச் சுற்றிக்கொண்டே பாருங்கள். சதுரம் வெட்டும்போது கரையை வைத்து நூல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நூல் கொஞ்சம் கோணினால் உடை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், அதைப் பிறகு எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது. துணியை மேசையில் விரிக்கும்போது இழுக்காதீர்கள், ஓரம் மேசைக்கு வெளியே தொங்கவும் விடாதீர்கள், அந்த எடையிலேயே நீண்டுவிடும். தையல் போடும்போது நூலைத் தளர்வாக விடுங்கள், இறுக்கினால் துணி நீளும்போது நூல் அறுந்துபோகும். கையால் தைத்தால் இன்னும் நல்லது, துணி எவ்வளவு கொடுக்கிறது என்று விரலுக்குத் தெரியும்.

கீழ் ஓரத்தை உடனே மடிக்க வேண்டாம். தைத்து முடித்ததும் பொம்மையிலேயே குறைந்தது ஒரு நாள் தொங்கவிடுங்கள். எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இழுக்காது, கிராஸ் செங்குத்தாக வரும் இடம் அதிகமாக இறங்கும், மற்ற இடம் குறைவாக இறங்கும். அடுத்த நாள் பார்த்தால் நேற்று சமமாக இருந்த ஓரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். அதன் பிறகு தரையிலிருந்து அளவுகோல் வைத்துச் சுற்றிலும் குறித்து வெட்டுங்கள்.

காடாத் துணியில் கை பழகியதும் அதே நான்கு சதுரத்தை க்ரேப்பில் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஏன் அந்த மனுஷி அகலமான க்ரேப்புக்காக நெசவாளர்களிடம் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்று அப்போது தெரியும். செய்து பார்த்துவிட்டுப் படம் போடுங்கள், பின்பக்கமும் சேர்த்து.